எந்த நாளை எழுதுவது?



சுரண்டைக் காய்கறிச் சந்தைக்கு அதிகாலையில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வெண்டை, கத்தரி, தக்காளி, பல்லாரி என்று மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை கையில் ஒரு சிட்டை வைத்திருப்பார். யார் கொண்டுவந்தது, என்ன காய், எத்தனை கிலோ, என்ன விலை என்பதையெல்லாம் நின்றபடியே அதில் குறித்துக்கொள்வார். சந்தை கலைந்த பிறகு உட்கார்ந்து, சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வெள்ளிக்கிழமை வந்தது. பேரேட்டில் ஏறியது சனிக்கிழமை. பேரேட்டில் எந்த நாளை எழுதுவது? சனி என்று எழுதினால், வெள்ளிக்கிழமை விலையா, சனிக்கிழமை விலையா என்று விவசாயியோடு தகராறு வரும். வெள்ளி என்று மட்டும் எழுதினால், வெள்ளிக்கிழமை மாலை பேரேட்டைப் புரட்டிப் பார்த்த முதலாளி, "நேற்று இந்த வரி இங்கே இல்லையே!" என்று சந்தேகப்படுவார். நல்ல கணக்குப்பிள்ளை இரண்டையும் எழுதிவிடுவார்: "வெள்ளி வரவு, சனி பதிவு."

இந்தச் சின்ன வழக்கம் கணிப்பொறி உலகிலும் ஒரு பெரிய கேள்வியாக நிற்கிறது. அதைப் பற்றி என் கருத்தைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நான் செய்த தவறு

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அவரைச் செடியின் வளர்ச்சியை நாள்தோறும் அளந்து எழுத வேண்டும் என்றார் அறிவியல் ஆசிரியர். செடிகள் பள்ளித் தோட்டத்தில் இருந்தன. நான் முதல் இரண்டு நாள் அளந்தேன். பிறகு மறந்துபோனேன். நோட்டைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, விளக்கடியில் உட்கார்ந்து பத்து நாள் அளவுகளையும் வரிசையாக எழுதி முடித்தேன். செடி ஒரே சீராக வளர்ந்திருந்தது. தேதிகள் முத்துமுத்தாக இருந்தன.

ஆசிரியர் நோட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து, "இது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே! பூட்டிய பள்ளிக்குள் எப்படிப் போனாய்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இந்தப் பத்து அளவுகளில் முதல் இரண்டு மெய் என்கிறாய். அதை இனி நான் எப்படி நம்புவது?" என்று மட்டும் கேட்டார். மெய்யாக அளந்த இரண்டு நாட்களும் பொய்யான எட்டு நாட்களோடு சேர்ந்து பயனற்றுப் போயின. அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

நிரலுக்கு ஒரு பேரேடு

இனி கணிப்பொறிக்கு வருவோம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருகிறது. தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு, மென்பொருள் எழுதுவது இப்போது எங்கோ தொலைவில் நடக்கும் வேலையாகத் தோன்றுவதில்லை. நாளை உங்களில் சிலரும் அந்த வேலைக்குப் போவீர்கள்.

மென்பொருளை ஒருவரே ஒரே மூச்சில் எழுதிவிடுவதில்லை. பலர் சேர்ந்து, பல ஆண்டுகள், வரிவரியாகத் திருத்தி எழுதுகிறார்கள். நேற்றுவரை சரியாக ஓடிய நிரல் இன்று தகராறு செய்தால், இடையில் யார் எதை மாற்றினார் என்று தெரிய வேண்டும். அதற்கென்றே ஒரு பேரேடு வைத்திருக்கிறார்கள். அதைப் பராமரிக்கும் மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என்று பெயர்.

இது புதிய யோசனை அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்டு என்பவர் 1972இல் இத்தகைய மென்பொருளை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிச்சி என்பவர் இன்னொன்றைச் செய்தார். இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது 'கிட்' என்பது. லினக்ஸ் இயக்கு தளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை எழுதினார்.

இந்தப் பேரேட்டில் ஏறும் ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்பார்கள். நாம் 'பதிவு' என்று சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு பதிவிலும் என்ன மாறியது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்ற விவரங்கள் இருக்கும்.

'எப்போது' என்பதற்கு கிட் ஒன்றுக்கு இரண்டாக விடை வைத்திருக்கிறது. ஒன்று, அந்த வரிகளை எழுதிய நாள். மற்றொன்று, அவற்றைப் பேரேட்டில் பதிந்த நாள். ஏன் இரண்டு? லினக்ஸுக்கு உலகின் பல மூலைகளிலிருந்து திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்தன. எழுதுபவர் ஒருவர், சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுபவர் வேறொருவர். இடையில் நாட்களும் வாரங்களும் ஆகலாம். எழுதியவரின் பெயரையும் நாளையும் அழிக்கக் கூடாது. ஏற்றியவரின் பெயரும் நாளும் வேண்டும். நம் சுரண்டைக் கணக்குப்பிள்ளையின் "வெள்ளி வரவு, சனி பதிவு" இதுதானே!

ஒருவரே எழுதிப் பதிந்தாலும் இரண்டு நாட்களும் வேறுபடலாம். முன்பு செய்த பதிவைப் பிறகு திருத்தினால், எழுதிய நாள் பழையபடியே நிற்கும்; பதிந்த நாள் மட்டும் புதியதாகும்.

நொடிகளின் கணக்கு

நாளையும் நேரத்தையும் கிட் எப்படி எழுதுகிறது தெரியுமா? 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கிரீன்விச் நேரம் நள்ளிரவு தொடங்கி எத்தனை நொடிகள் ஆயின என்று ஒரே எண்ணாக எழுதிவிடுகிறது. பக்கத்தில் உள்ளூர் நேர வேறுபாட்டையும் குறிக்கிறது. நமக்கு அது ஐந்தரை மணி.

ஏன் இந்த இரண்டாவது குறிப்பு? ஒரு பதிவில் 1700000000 என்ற எண் இருப்பதாகக் கொள்வோம். கிரீன்விச் கணக்கில் அது 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 நொடி. நம் நாட்டில் அப்போது நவம்பர் 15, அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடி. ஒரே கணம்தான். ஆனால் தேதியே மாறிவிடுகிறது! எண் மட்டும் இருந்தால் எழுதியவர் மாலையில் விழித்திருந்தாரா, விடியற்காலையில் விழித்திருந்தாரா என்று தெரியாது. நேர வேறுபாட்டையும் சேர்த்து எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

இதில் நம் வட்டாரத்தார்க்குப் புதுமை ஒன்றும் இல்லை. செங்கோட்டை 1956 அக்டோபர் முடிய மலையாள நாட்டு நிர்வாகத்தில் இருந்தது. அங்கே பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டைக் காணலாம். கி.பி. 825இல் தொடங்கும் ஆண்டுக் கணக்கு அது. செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் முதல் நாள், கொல்லம் கணக்கில் 1132ஆம் ஆண்டு. எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்று சொல்லாவிட்டால் எந்த ஆண்டும் வெறும் எண்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் கடிகாரங்கள் 82.5 பாகை தீர்க்கக் கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன. சுரண்டை ஏறத்தாழ 77.4 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கணக்கிட்டுப் பாருங்கள். சுரண்டையில் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாகக் கடிகாரத்தில் 12 மணி 20 நிமிடம் ஆகும்போதுதான். நேரம் என்பதே பலர் கூடி ஒப்புக்கொண்ட ஒரு முறை. அதை எழுதும்போது எந்த முறைப்படி எழுதினோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கடிகாரத்தை நம்பலாமா?

அப்படியானால் கிட் காட்டும் நாளை நம்பிவிடலாமா? கூடாது! அது நேரத்தை அந்தந்தக் கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கணிப்பொறிக்குள் இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். அதன்பின் இன்று எழுதியது பழைய நாளில் எழுதியதாகப் பதிவாகும். போதாததற்கு, விவரம் தெரிந்தவர் எழுதிய நாள், பதிந்த நாள் இரண்டையுமே தாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

பிறகு வரிசை எப்படித் தெரியும்? எது முன், எது பின் என்பதை கிட் நாளைக்கொண்டு தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நீண்ட எண் பெயராக அமைகிறது. பதிவின் உள்ளடக்கம், எழுதியவர், இரண்டு நாட்கள், முந்திய பதிவின் பெயர் ஆகிய அனைத்தையும் ஒரு கணக்கு முறையில் செலுத்தி அந்த எண்ணைப் பெறுகிறார்கள். உள்ளே ஒரு நொடியை மாற்றினாலும் பெயர் முற்றிலும் மாறிவிடும். அந்தப் பெயரைத் தன்னுள் வைத்திருக்கும் அடுத்த பதிவின் பெயரும் மாறும். அதற்கடுத்ததும் மாறும். பூமாலையின் நடுவில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் அதற்குப் பின்னுள்ள பூக்களையெல்லாம் மறுபடி கட்ட வேண்டும் அல்லவா? அதுபோலத்தான்.

கடிகாரங்கள் ஒத்துப்போகாதபோதும் நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையைச் சொல்ல முடியும் என்பதை லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். கடிதம் போய்ச் சேருவதற்கு முன் பதில் வர முடியாது. இரு வீட்டுக் கடிகாரங்களும் என்ன காட்டினாலும், எழுதியது முந்தியது, பதில் பிந்தியது. கிட்டின் சங்கிலியும் இத்தகைய ஓர் உறவைத்தான் காப்பாற்றுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேரேட்டின் பிரதி வேறு யாரிடமும் இல்லையென்றால், ஒருவர் மாலை முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. இன்னொருவரிடம் பிரதி போய்விட்டால் இரண்டையும் ஒப்பிட்டதுமே மாற்றம் வெளிப்பட்டுவிடும். நாளின் நம்பகம் கடிகாரத்தைவிடப் பிறர் கையில் உள்ள பிரதியைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது.

நாளை மாற்றலாமா?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பதிவுகளின் நாட்களை மாற்றுவதே தவறு என்று சிலர் சொல்கிறார்கள். என் பேரேடு, என் விருப்பம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டையும் ஏற்கவில்லை.

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் இராசராச சோழன் காலத்தில் அங்கே விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகள் என்னாவது? அவற்றை முதலில் ஏட்டில் படியெடுத்து வைத்தார்கள். கட்டி முடித்த பிறகு, முதலாம் இராசேந்திரன் காலத்தில், மறுபடி கல்லில் வெட்டினார்கள். இவ்வாறு படியெடுத்து வெட்டிய செய்தியையும் கல்வெட்டிலேயே சொல்லிவைத்தார்கள்! பழைய கொடைக்கு உரிய பழைய ஆண்டு அப்படியே இருக்கிறது. எழுத்து புதியது என்பதும் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் படிக்கும் ஆய்வாளர் ஏமாறுவதில்லை.

பழைய மென்பொருள்களைப் புதிய பேரேட்டுக்கு மாற்றும்போது செய்ய வேண்டியதும் இதுவே. இருபது ஆண்டுக்கு முன் எழுதிய நிரலை இன்று கிட்டில் ஏற்றினால், எழுதிய நாளாக இன்றைய தேதியைப் போடுவதுதான் பொய். அங்கே பழைய நாளை அமைப்பதே நேர்மை. பதிந்த நாள் இன்றையதாகவே இருக்கட்டும். 'பழைய பேரேட்டிலிருந்து பெயர்த்து எழுதியது' என்று ஒரு வரிக் குறிப்பும் இருக்கட்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து பொதுவாக நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டும். எழுதிய நாள் வேறு, பதிந்த நாள் வேறு. பதிவு ஆன பிறகு அந்தப் பத்திரம் எழுதிய நாளை ஒட்டியே செல்லும். ஆனால் பதிந்த நாளை யாரும் மறைப்பதில்லை.

இனி மறுபக்கம். ஒரே இரவில் செய்த வேலையை மாதம் முழுவதும் செய்ததாகக் காட்டப் பதிவுகளின் நாட்களைப் பரப்பி வைப்பவர்கள் உண்டு. கெடு முடிந்தபின் எழுதியதைக் கெடுவுக்கு முன் எழுதியதாகக் காட்டுபவர்களும் உண்டு. பூட்டிய பள்ளிக்குள் அவரைச் செடியை அளந்த என் கதைதான் இது. ஒரு பொய்த் தேதி பிடிபட்டால் மெய்யான தேதிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நாளை ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று தேடும் தோழன், இல்லாத நாட்களில் தேடி அலைவான்.

ஆகவே நான் மூன்று விதிகள் சொல்வேன். எழுதிய நாளை மெய்யான நாளுக்குத் திருத்தலாம், குறிப்போடு. பதிந்த நாளைத் தொடக் கூடாது. பிறர் கைக்குப் போய்விட்ட பதிவை அவர்களுக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது.

இன்னொரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கிட் வழக்கமாகப் பட்டியலிடும்போது எழுதிய நாளை மட்டுமே காட்டுகிறது. இரண்டையும் காட்டு என்று தனியாகக் கேட்டால்தான் பதிந்த நாள் தெரிகிறது. நிரல் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே இரண்டையும் பார்க்கப் பழக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குற்றாலச் சாரலும் மழைமானியும்

"நாங்கள் இன்னும் நிரல் எழுதத் தொடங்கவில்லையே, எங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்கிறீர்களா? நீங்கள் மழை அளப்பவர்கள் ஆயிற்றே!

இந்திய வானிலைத் துறை முறைப்படி மழைமானியைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். அதற்கு முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழை அன்றைய தேதியில் பதிவாகிறது. ஜூலை 9 இரவு 10 மணிக்குப் பெய்த மழை ஜூலை 10 கணக்கில் ஏறுகிறது. இந்த விதி தெரியாமல் ஒரு பள்ளி ஜூலை 9 என்றும் இன்னொரு பள்ளி ஜூலை 10 என்றும் எழுதினால், ஒரே மழை இரண்டு மழை ஆகிவிடும்.

இது வெறும் கணக்குச் சிக்கல் அன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பள்ளிப் பருவத்து இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மலைமேல் மழை பெய்தபின் எத்தனை நிமிடத்தில் வெள்ளம் அருவிக்கு வருகிறது என்று தெரிந்தால், எச்சரிக்கை மணி அடிக்கலாம். அந்த நிமிடங்களைக் கண்டுபிடிக்க மேலே மழை பெய்த நேரமும் கீழே வெள்ளம் வந்த நேரமும் மெய்யாக வேண்டும். உண்மையில் 30 நிமிட இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள கடிகாரம் 10 நிமிடம் பிந்தியும், கீழே உள்ளது 10 நிமிடம் முந்தியும் ஓடினால், ஏட்டில் 50 நிமிடம் என்று பதிவாகும். அதை நம்பி நிற்பவர் கதி என்ன? நினைத்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் அறிவியல் நோட்டில் இன்றே இரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒன்றில் 'பார்த்த நாள், நேரம்' என்றும், மற்றொன்றில் 'எழுதிய நாள், நேரம்' என்றும் தலைப்பிடுங்கள். வாரம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபாருங்கள். அளக்க மறந்த நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். வாரக் கடைசியில் நோட்டைப் படி எடுத்துத் தோழனிடம் கொடுத்து வையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. நாள் தவறாமல் நிரப்பிய நோட்டுக்கு முழு மதிப்பெண், காலிக் கட்டத்துக்கு வெட்டு என்று இருக்கும்வரை, பிள்ளைகள் விளக்கடியில் உட்கார்ந்து தேதி தயாரிக்கத்தான் செய்வார்கள். "மறந்துவிட்டேன், இரண்டு நாள் கழித்து எழுதினேன்" என்று குறித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள். நாளைக்கு மலையில் மழைமானியையும், அலுவலகத்தில் பேரேட்டையும் நம்பி ஒப்படைக்கத் தகுந்த கை அதுதான்.